இடது காலுக்கு முன்னால் இடது கை

அன்புள்ள அண்ணா,

மெல்பர்னில் இருக்கிறோம். மகளுக்குப் பதினொரு வயது. ஃபுட்டியில், அதாவது முட்டை வடிவப் பந்தை வைத்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், மிட்ஃபீல்டில் ஆடுகிறாள். வலது கால்காரி. இந்த சீசனில் வந்த கோச் 'இடது காலாலும் உதை' என்று விடாமல் சொல்கிறார். போன ஞாயிறு மேட்ச்சில் அப்படி உதைத்த பந்து நேராக எதிரணியின் கைக்குப் போய் கோலும் ஆகிவிட்டது. வீடு வரும்வரை அழுகை. ஃபுட்டி நட்சத்திரம் பட்டி ஃப்ராங்க்ளின் இடது கால் ஒன்றை வைத்தே ஆயிரம் கோல் போடவில்லையா? நல்ல கால் ஒன்று இருந்தால் போதாதா? கொல்லையில் சாக்கர் பந்தை வைத்துத் தினமும் இடது காலால் உதைக்கிறாள். ஆனால் மேட்ச்சில் தூரமும் போவதில்லை, நேராகவும் போவதில்லை.

க., மெல்பர்ன்

அன்புள்ள க.,

ஃப்ராங்க்ளின் ஃபார்வர்ட், கோல் போடும் முன்வரிசை ஆள். உங்கள் மகள் மிட்ஃபீல்டர். வித்தியாசம் அங்கேதான். மார்க் பிடித்துவிட்ட, அதாவது உதைத்து வந்த பந்தைத் தரையில் விழாமல் கையில் பிடித்துவிட்ட, ஃபார்வர்டை யாரும் தொட முடியாது. பந்து பிடிபட்ட இடத்தில் எதிரே நிற்பவர், 2021-இல் வந்த விதிப்படி, நடுவர் 'ஸ்டாண்ட்' என்றதும் அசையக்கூடக் கூடாது. ஃபார்வர்ட் நிதானமாகப் பின்னால் போய், தனக்குப் பிடித்த காலில் உதைத்துக்கொள்ளலாம். அங்கே இன்னொரு காலுக்கு வேலையே இல்லை.

மிட்ஃபீல்டில் அப்படி இல்லை. கும்பலிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது, வலது கால்காரி என்று தெரிந்த எதிராளி அவளை இடப்பக்கமாகவே ஒதுக்கித் தள்ளுவாள். வலது காலுக்கு வர உடம்பைத் திருப்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் டாக்கிள் விழும், 'ஹோல்டிங் தி பால்' (பந்தை விடாமல் வைத்திருந்த தப்பு) என்று விசில் ஊதும். ஹாதார்ன் அணியின் மிட்ஃபீல்டர் சாம் மிட்செலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் பெரிய வேகமில்லை. ஆனால் இரண்டு காலாலும் ஒரே மாதிரி உதைப்பார். எந்தப் பக்கம் தள்ளுவது என்று எதிராளிக்குத் தெரியாது. அந்த சீசனில் லீக் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் மட்டும் தோற்றிருந்த ஜீலாங்கை 2008 கிராண்ட் ஃபைனலில் வீழ்த்திய அணிக்கு அவர்தான் கேப்டன். (ஃப்ராங்க்ளினும் அதே அணியில்தான் இருந்தார். இரண்டு வகை ஆட்களும் வேண்டியிருக்கிறது.)

ஆகவே நான் கோச் பக்கம்தான். ஆனால் 'உதை உதை' என்று சொன்னால் மட்டும் போதாது. இடது கால் உதையில் தப்பு பெரும்பாலும் காலில் நடப்பதில்லை, கையில் நடக்கிறது.

டிராப் பன்ட்டில் (கையிலிருந்து பந்தை நேராக விட்டு, பின்னோக்கிச் சுழலும்படி உதைப்பது) வலது காலால் உதைக்கும்போது கடைசிவரை பந்தைக் கீழே கொண்டுபோய் விடுவது வலது கை. இடது கை முன்னதாகவே விலகிவிடும். இடது காலுக்கு இது அப்படியே மாறும். உங்கள் மகள் இடது காலால் உதைக்கும்போது ஒருநாள் கையை மட்டும் பாருங்கள். பழக்கதோஷத்தில் வலது கைதான் பந்தைப் பிடித்திருக்கும். உடம்புக்குக் குறுக்கே வந்து விடுவதால் பந்து சாய்ந்து விழும். கால் எவ்வளவு சரியாக வந்தாலும், சாய்ந்து விழுந்த பந்து பின்னோக்கிச் சுழலாது, ஹெலிகாப்டர் மாதிரி பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போகும். அப்புறம் ஊன்றும் காலும் இருக்கிறது. இவ்வளவு நாள் உதைத்தே பழகிய வலது காலுக்கு, ஒற்றையாக நின்று உடம்பைத் தாங்கும் வேலை புதிது. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

தூரம் குறைவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் கெவின் பால் 2011-இல் வெளியிட்ட ஆய்வு, ஏஎஃப்எல் என்னும் தொழில்முறை ஃபுட்டி லீக்கின் ஆட்டக்காரர்களின் இரண்டு கால் உதைகளையும் ஒப்பிட்டது. தொழில்முறைக்காரர்களுக்கே பழகாத காலில் பாதத்தின் வேகம் குறைகிறது. முழங்காலை வெடுக்கென்று நீட்டுவதற்குப் பதிலாக இடுப்பிலிருந்து தொடையை வீசிச் சமாளிக்கிறார்கள். பதினொரு வயதுக் குழந்தையிடம் தூரம் கேட்பது நியாயமில்லை. இடது கால் அவளுக்குத் தேவைப்படப்போவது இருபது மீட்டருக்குத்தான். மார்க் கிடைக்கவே பந்து பதினைந்து மீட்டர் போனால் போதும்.

முதலில் உதையே வேண்டாம். பந்தைச் செங்குத்தாக இடது கையில் பிடித்து, தரையில் விடச் சொல்லுங்கள். நேராக விழுந்தால் நேரே மேலே எழும்பும். சாய்ந்து விழுந்தால் எங்கேயாவது ஓடும். அது சரியான பிறகு இரண்டு எட்டு வைத்து, பத்தடி தள்ளி நிற்கும் உங்கள் மார்புக்கு மெதுவாக உதைக்கட்டும். பந்து பின்னோக்கிச் சுழல்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுழன்றால் ஒவ்வொரு எட்டாகப் பின்னால் போங்கள்.

மேட்ச்சில்? அங்கே கோச்சோடு எனக்கு ஒப்புதல் இல்லை. பவுண்டரியில் நிற்பவர் 'லெஃப்ட்! லெஃப்ட்!' என்று கத்துவதில் பிரயோஜனமில்லை. எந்தப் பக்கம் ஆள் வருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அவளே முடிவெடுக்கட்டும். இதைக் கோச்சிடம் நீங்களே சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சந்தேகம் வந்தால் ஹேண்ட்பால், ஒரு கையில் பந்தை வைத்து மறு கை முஷ்டியால் தட்டிவிடுவது, இருக்கவே இருக்கிறது.

அந்த சாக்கர் பந்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். உருண்டைப் பந்து எப்படி விழுந்தாலும் காலுக்கு ஒன்றுதான். கையில் இருக்கும் தப்பை அது காட்டிக்கொடுக்காது. அவள் வயதுக்கான அளவில் ஒரு ஷெரின் ஃபுட்டி பந்து வாங்கிக் கொடுங்கள்.