ஒரு டியூஷனை மட்டும் வேண்டாம் என்று மகள் சொன்னால்

பிளஸ் ஒன் படிக்கும் மகள் திடீரென்று பிசிக்ஸ் டியூஷனுக்குப் போக மாட்டேன் என்கிறாள், வருஷம் முழுக்கப் பணம் கட்டியாகிவிட்டது, அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்லிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எடுத்துச் சொல்வதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள் அம்மா. அவள் ஏதோ சொல்ல வருகிறாள், முதலில் அதைக் கேட்போம்.

என்னிடம் வரும் பிள்ளைகளிடம் மார்க் ஷீட்டைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தாய் என்று எழுதச் சொல்வேன். போன மாதம் ஒரு பெண் எழுதினாள்: 4.45 எழுந்தேன், 5.30 மேத்ஸ் டியூஷன், 7.50 பஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், 6.30 கெமிஸ்ட்ரி டியூஷன், 9.20 வீடு. எப்போதம்மா சாப்பிட்டாய் என்று கேட்டேன். 'பஸ்' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 'இட்லி' என்று சேர்த்தாள். கூட வந்திருந்த அவள் அப்பா அந்தத் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார், அப்புறம் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. உங்கள் மகளுக்கும் வெறும் களைப்பாகவே இருக்கலாம். அப்படியென்றால் ஒரு டியூஷனைக் குறைத்தால் போதும், இரண்டு வாரத்தில் முகம் தெளிந்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. மேத்ஸ் டியூஷனுக்கு ஒழுங்காகப் போகிறாள், பிசிக்ஸ் மட்டும்தான் வேண்டாம் என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். களைத்த பிள்ளை எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லும். ஒன்றை மட்டும் வேண்டாம் என்றால் அந்த இடத்தைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். சொல்லாமல், கிளாஸ் நடக்கும்போது போய்ப் பாருங்கள். எந்த அறையில் நடக்கிறது, கதவு திறந்திருக்கிறதா, வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா, மற்ற பிள்ளைகள் கிளம்பிய பிறகு 'டவுட்' கேட்க இவள் மட்டும் உட்கார வைக்கப்படுகிறாளா, ராத்திரி பத்து மணிக்கு மேல் அவள் போனுக்குத் தனியாக மெசேஜ் வருகிறதா. இவற்றைக் கேட்பது யாரையும் சந்தேகப்படுவதாகாது. அப்படியே மாடிக்குப் போகும் வழியையும் பாருங்கள்: 2019இல் சூரத்தில் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்தில் நடந்த கோச்சிங் வகுப்பில் தீப்பிடித்து, இறங்க வழியில்லாமல் 22 பேர் போய்விட்டார்கள்.

டியூஷன் எடுப்பவர் அவளுடைய பள்ளி ஆசிரியரேதான் என்றால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆவது பிரிவு ஆசிரியர்கள் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது, ஆனாலும் ஊரெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. பிசிக்ஸில் எழுத்துத் தேர்வுக்கு 70, பிராக்டிக்கலுக்கு 20, பள்ளியே போடும் இன்டர்னலுக்கு 10. பிள்ளைகள் வாய் திறக்காததற்குப் பெரும்பாலும் அந்த இன்டர்னல் பயம்தான் காரணம், 'சார் மார்க்கில் கை வைத்துவிடுவார்' என்று என்னிடமே பலர் சொல்லியிருக்கிறார்கள். அவளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 200இல் மேத்ஸுக்கு 100, பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் தலா 50. பிளஸ் டூவில் அந்த 10 மார்க் மொத்தமும் போனாலும் கட்-ஆஃபில் போவது 5. அந்த அஞ்சு மார்க்குக்காக நீ எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மா வாயால் கேட்டால் அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும் தெரியுமா?

ஒருவேளை அந்த ஆள் தப்பாக நடந்துகொண்டார் என்று அவள் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் நீங்கள் அழாமல், கத்தாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. 'நீ ஏன் அப்பவே சொல்லல' என்ற கேள்வி மட்டும் வாயிலிருந்து வரவே கூடாது. திரும்பத் திரும்ப நடந்ததைச் சொல்லச் சொல்லாதீர்கள். போனிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் அந்த ஆள் வீட்டு வாசலில் போய் நிற்பதும் வேண்டாம், அவர் உஷாராகிவிடுவார். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயே, கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து எழுத வேண்டும், நீங்கள் பக்கத்திலேயே இருக்கலாம். பெயர் பத்திரிகையில் வராது. பள்ளிக்குத் தெரிந்தும் 'நமக்குள்ளேயே முடித்துக்கொள்வோம்' என்று யாராவது சமாதானம் பேசினால், தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அந்தச் சட்டத்தில் குற்றம் என்று நேராகச் சொல்லுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, டெஸ்டில் எல்லார் முன்னாலும் மார்க்கைப் படித்துத் திட்டினார், அதனால்தான் போகப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரேங்க் பட்டியல் வேண்டாம் என்று தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது, டியூஷன் சென்டர் சுவரில் மட்டும் இன்னும் அது தொங்குகிறது. அந்த டியூஷனை விடலாம், பாடத்தை விட வேண்டாம். புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளும் பழைய வினாத்தாள்களும் கையில் இருந்து, தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பிசிக்ஸ் தேறிவிடும். தூக்கம் வராமல், சாப்பிடாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அடுத்து என்ன படிப்பது என்ற குழப்பத்துக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது.

கட்டின பணம் கையை விட்டுப் போகுமே என்கிறீர்கள். திருப்பிக் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் போகட்டும் அம்மா.

இன்று சாயங்காலம் அவள் வீட்டிலேயே இருக்கட்டும். தோசை ஊற்றிக் கொடுங்கள், பிசிக்ஸ் பேச்சையே எடுக்காதீர்கள். அவளாகப் பேச ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேசவில்லையா, நாளைக்கும் தோசை ஊற்றுங்கள்.