சஃபோக்கின் தேவாலயங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இப்ஸ்விச்சில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். வாரக்கடைசியில் இங்கிலாந்தின் கிழக்கிலுள்ள சஃபோக் கவுண்டியின் கிராமங்களிலுள்ள பழைய தேவாலயங்களைப் பார்க்கப் போகிறோம். நேரில் பிரமிப்பாக இருப்பது படத்தில் வருவதில்லை. கோபுரம் பின்னால் சாய்கிறது. உள்ளே ஜன்னல்கள் வெள்ளைத் திட்டாகின்றன, சுவர் மஞ்சளடிக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. 16 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த லென்ஸை வாங்காதீர்கள். கிராமத் தேவாலயம் சிறியது, அதன் அழகே அந்த நெருக்கம்தான். 16 மில்லிமீட்டர் பீடத்தைத் தூரத்தில் தள்ளிவிடும், தூண்களை ஓரத்தில் இழுத்துவிடும். முழுச்சட்டகக் கேமராவில் (36x24 மில்லிமீட்டர் சென்சார் உள்ளது) 24 முதல் 35 மில்லிமீட்டர் வரை போதும். பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 70-200 மில்லிமீட்டர் லென்ஸும் ஒரு முக்காலியும் வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் குறைதான் முக்கியமானது. எல்லா ஊரும் ஒன்றுபோலத் தெரிவதற்குக் காரணம், கட்டடத்தைப் படிக்காமல் எடுப்பது. இந்தத் தேவாலயங்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. ஜன்னலின் தலையைப் பாருங்கள். அரைவட்ட வளைவு என்றால் நார்மன் காலம், ஏறக்குறைய 1180க்கு முன். ஒடுங்கிய ஒற்றைக் கூர்வளைவு என்றால் 13ஆம் நூற்றாண்டு. கல் கொடிபோல வளைந்து பின்னினால் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. ஜன்னலைப் பிரிக்கும் கல்தண்டுகள் நேராக மேலேறி வளைவையே முட்டினால் பெர்பெண்டிகுலர் பாணி, 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை. சஃபோக்கில் கம்பளித் துணி வியாபாரம் கொழித்த காலம் அது, அதனால் அங்கே பெரிய தேவாலயங்கள் பலவும் இந்தப் பாணிதான். இரண்டு காலங்கள் ஒரே சுவரில் ஒட்டும் இடம் கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒட்டு வேறு எந்த ஊரிலும் இருக்காது.

ப்ளைத்பர்க் என்ற கிராமத்தின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். உங்களுக்குப் பக்கம், ஏ12 சாலையிலேயே இருக்கிறது. கோபுரம் 14ஆம் நூற்றாண்டு, மக்கள் அமரும் மண்டபம் 15ஆம் நூற்றாண்டு. 1577 ஆகஸ்ட் 4 அன்று புயலில் கோபுரத்தின் கூர்முனை விழுந்தது, பிறகு வைக்கவே இல்லை. மண்டபத்தின் ஆடம்பரத்துக்குப் பக்கத்தில் கோபுரம் மொட்டையாக நிற்பதன் காரணம் இதுதான். இரண்டும் ஒரே சட்டகத்தில் வரவேண்டும்.

எந்த நேரத்தில் போவது என்பதைத் திசைகாட்டி சொல்லும். பீடம் கிழக்கே, கோபுரம் பெரும்பாலும் மேற்கே. ஆகவே நீண்ட தென்சுவர் பகல் முழுவதும் வெயிலில் இருக்கும். ஆனால் ஜூன் மதியத்தில் சூரியன் 61 பாகைக்கு ஏறிவிடுகிறது, செதுக்கல் எல்லாம் தட்டையாகும். டிசம்பரில் நண்பகலிலேயே 15 பாகைதான். வெளிச்சம் தாழ்ந்து வரும், மரங்களில் இலையும் இருக்காது. தென்புறம் எடுக்க குளிர்காலமே சிறந்தது. வடசுவருக்குக் கோடைக்காலத்தின் அதிகாலையையும் பின்மாலையையும் விட்டால் வெயிலே கிடையாது. ப்ளைத் ஆற்றுச் சதுப்பின் பக்கமிருந்து தெரிவது வடபுறம் என்பதால், அந்தக் காட்சிக்கு ஜூன் மாலை எட்டு மணிக்குப் போங்கள்.

கோபுரம் சாய்வது கேமராவை அண்ணாந்து பிடிப்பதால். கேமராவை மட்டமாக வையுங்கள். 25 மீட்டர் உயரக் கோபுரம் 24 மில்லிமீட்டர் லென்ஸில், செங்குத்துச் சட்டகத்தில் மட்டமாக அடங்க ஏறத்தாழ 35 மீட்டர் பின்னால் போக வேண்டும். கீழ்ப்பாதி புல்லாக வரும், அதை வெட்டிவிடலாம். பின்னால் போக இடமில்லை என்றால் கொஞ்சமாகச் சாய்த்து, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எடுத்து, மென்பொருளில் நிமிர்த்துங்கள். அதிகம் நிமிர்த்தினால் கோபுரம் நீண்டு மெலிந்துவிடும்.

உள்ளே போனதும் மின்விளக்கு எரிந்தால், உங்களுக்குக் கைபடும் சுவிட்சாக இருந்தால் மட்டும், அணையுங்கள். சுவர் மஞ்சளாவது பல்பாலும் பகல் வெளிச்சம் அதோடு கலப்பதாலும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, முக்காலி, இரண்டு வினாடி டைமர். இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒவ்வொன்றிலும் வெளிச்சம் நான்கு மடங்கு மாறும்படி) மூன்று படங்கள். அவற்றைக் கலக்கும்போது ஜன்னலைச் சாம்பலாக்கிவிடக் கூடாது. அந்த மண்டபத்தில் மிகப் பிரகாசமான பொருள் ஜன்னல்தான், அது அப்படியே தெரியட்டும். வண்ணக்கண்ணாடி என்றால் முறை வேறு: கண்ணாடிக்கு மட்டும் வெளிச்சத்தை அளவெடுத்துச் சுவரைக் கருக்க விடுங்கள். மேகமூட்ட நாள் நல்லது, வெயிலில் வெளியே உள்ள பாதுகாப்புக் கம்பிவலையின் நிழல் கண்ணாடியில் விழும்.

ப்ளைத்பர்க்கில் அந்தக் கவலை குறைவு. தேவாலயங்களிலுள்ள சமய உருவங்களை அழிக்க அதிகாரம் பெற்ற வில்லியம் டௌசிங் 1644இல் அங்கே வந்தார். இன்று பழைய வண்ணக்கண்ணாடியில் துண்டுகளே மிச்சம். மேல்வரிசையில் பக்கத்துக்கு 18 ஜன்னல்கள், ஏறக்குறைய எல்லாம் தெளிகண்ணாடி. வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கூரைவரை எட்டுகிறது. அந்தக் கூரையில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். நேர் கீழே நின்றால் அடிப்பக்கம் மட்டுமே தெரியும். மேற்குக் கோடியிலிருந்து 100 முதல் 150 மில்லிமீட்டரில் எடுத்தால் முகம் வரும். 70-200 சொன்னது இதற்குத்தான். கூரை முழுவதும் வேண்டுமானால் கேமராவை நடுப்பாதையில் மல்லாத்தி வைத்து, முகட்டு மரத்தைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்தி, பத்து வினாடி டைமர் போட்டு விலகிவிடுங்கள்.

பெஞ்சு முனைகளைத் தவறவிடாதீர்கள், பாவங்களை மனித உருவமாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலில் படுத்திருக்கிறது, பெருந்தீனி புடைத்த வயிற்றைப் பிடித்திருக்கிறது. கைக்கடக்கமான உருவங்கள். நின்றபடி எடுத்தால் தலையுச்சிதான் வரும். மண்டியிட்டு அதன் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். ஜன்னல் ஒரு பக்கம், ஒரு வெள்ளைத் தாள் மறுபக்கம், அவ்வளவு போதும். பிளாஷ் போட்டால் உளித்தடம் மறைந்துபோகும்.

கதவு பூட்டியிருப்பதாக நினைத்துப் பலர் திரும்பிவிடுகிறார்கள். இரும்பு வளையத்தை நன்றாகத் திருகி, தோளால் தள்ளிப் பாருங்கள். உண்மையிலேயே பூட்டியிருந்தால் சாவி யாரிடம் என்ற சீட்டு முகப்பு மண்டபத்தில் இருக்கலாம். வலைக்கதவு இருந்தால் மறக்காமல் சாத்துங்கள். உள்ளே மாட்டும் பறவை தண்ணீரில்லாமல் செத்துவிடும். கல்லறைக் கல்லின் பாசிப்படர்வைச் சுரண்டி எழுத்தைத் தெளிவாக்காதீர்கள். சாய்வெயில் வரும் நேரத்தில் போனால் அதே எழுத்து தானாகத் தெரியும்.

ப்ளைத்பர்க் முடிந்ததும் சஃபோக்கிலேயே உள்ள லாங் மெல்ஃபோர்ட் தேவாலயத்துக்குப் போங்கள். அங்கே வடபுற ஜன்னல்களில் கொடை தந்தவர்களின் உருவங்களோடு 15ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி இருக்கிறது. வடக்கு என்பதால் பகல் முழுவதும் சீரான வெளிச்சம், மேகத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.