பதில்: சாட்ஜிபிடியில் எங்கள் புறக்கோட்டைச் சுற்றுலா வருவதே இல்லை

வணக்கம். கொழும்புப் புறக்கோட்டை நடைச் சுற்றுலா பற்றிச் சாட்ஜிபிடியிடம் கேட்டால் மற்றவர்களின் பெயரெல்லாம் வருகிறது, உங்களுடையது மட்டும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தளத்தைப் போய்ப் பார்த்தேன். விலை, நேரம், புறப்படும் இடம் எல்லாம் போஸ்டர் படத்துக்குள் இருக்கின்றன. அழகான போஸ்டர்தான். ஆனால் தேடல் பொட்கள், அதாவது தளங்களைத் தானாகப் படிக்கும் நிரல்கள், பெரும்பாலும் பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான் எடுக்கும்.

அதே விவரத்தை எழுத்தாகப் போடுங்கள். "மறக்க முடியாத அனுபவம்" என்று யாரும் தேடுவதில்லை. கோட்டை ரயில் நிலையத்தில் தொடங்கிச் சிவப்புப் பள்ளிவாசல், செட்டியார் தெருக் கோயில்கள் வரை என்று எழுதுங்கள். எத்தனை மணித்தியாலம், ஒருவருக்கு எவ்வளவு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசலை எப்படிப் பார்ப்பது, மழை வந்தால் என்ன? வட்ஸ்அப்பில் உங்களிடம் வந்த கேள்விகளையே பதிலோடு போட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், தளம் செய்து தந்தவரிடம் ரோபோட்ஸ் கோப்பைப் (robots.txt) பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பொட் தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் கோப்பு அது. சாட்ஜிபிடியின் தேடலுக்கான ஓஏஐ-சேர்ச்பொட் (OAI-SearchBot) தடுக்கப்பட்டிருந்தால் உடனே திறக்க வேண்டும். ஜிபிடிபொட் (GPTBot) வேறு, அது ஏஐ மாதிரிகளின் பயிற்சிக்கு. அதை உங்கள் விருப்பப்படி விடலாம், தடுக்கலாம். கூகுளின் ஏஐ பதில்களுக்கு வழக்கமான கூகுள்பொட்டே போதும்.

கூகுள் மெப்ஸில் ஒரு பெயர், டிரிப்அட்வைசரில் இன்னொரு பெயர் என்றீர்கள். அதை ஒன்றாக்குங்கள். மாதாமாதம் காசு தந்தால் முதல் பெயராக வரவைக்கிறேன் என்றவருக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.