மூலையில் நிற்கும் பழைய ஓவியம்

"சிறுவர் புத்தகங்களில் பழைய ஓவியங்களை ஒளித்து வரைகிறார்களே, குழந்தைகளுக்கு அது எங்கே புரியப்போகிறது? யாருக்காக இந்த வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

குழந்தைகளுக்காகத்தான். எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவளே என் மகள்தான்.

அவள் தொடக்கநிலை இரண்டில் படித்தபோது, சிங்கப்பூரின் அங் மோ கியோ நூலகத்திலிருந்து ஆண்டனி பிரவுன் எழுதி வரைந்த 'வாய்சஸ் இன் த பார்க்' (1998) எடுத்து வந்தோம். வேலையில்லாத அப்பா ஒருவர் மகளோடு பூங்காவுக்குப் போகிறார். வழியில் தெருவோரம் இரண்டு ஓவியங்கள் சாய்ந்து நிற்கும். ஒன்று மோனாலிசா. இன்னொன்று பிரான்ஸ் ஹால்ஸ் 1624இல் வரைந்த, முறுக்குமீசை வைத்த 'சிரிக்கும் வீரர்'. இருவருக்கும் முகம் வாடியிருக்கும். நான் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். வீடு திரும்பும் பக்கம் வந்ததும் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ம்மா, அந்த ரெண்டு பேரும் ஆடுறாங்க!"

ஆமாம். சட்டத்தை விட்டு வெளியே வந்து, அதே தெருவில் ஜோடியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். மகளோடு பேசிப் பேசி அப்பாவுக்கு மனசு லேசாகிவிட்டது. எழுத்தில் அது ஓரிரு வரி. படத்திலோ தெருவே அவரோடு சேர்ந்து தேறிவிட்டது. மோனாலிசா என்ற பெயரே அன்று என் மகளுக்குத் தெரியாது. அழுமூஞ்சியாக இருந்த அக்கா இப்போது ஆடுகிறாள், அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு நான் பார்ப்பதும் அதைத்தான்: மூல ஓவியம் தெரியாதவரிடமும் படம் பேசுகிறதா? ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோவின் பயணப் புத்தகத்தில் (1977) ஒரு வார்த்தைகூடக் கிடையாது. குதிரையில் ஒருவர் ஐரோப்பிய ஊர்கள் வழியே போய்க்கொண்டே இருப்பார். வயலில் பொடிப்பொடியாகத் தெரியும் ஆட்களுக்கு நடுவே மூன்று பெண்கள் கதிர் பொறுக்குவார்கள். பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857இல் வரைந்த அதே பெண்கள்! அறுவடை வயலில் அவர்கள் இருப்பது இயல்புதானே, கொண்டுவந்து ஒட்டியது போலவே தெரியாது.

அமெரிக்கர் மொரீஸ் செண்டாக் எழுதி வரைந்த 'அவுட்சைட் ஓவர் தேர்' (1981) வேறு மாதிரி. ஜெர்மன் ஓவியர் ருங்கே 1805–06இல் ஹூல்சன்பெக் வீட்டுக் குழந்தைகளை வரைந்தார். கன்னம் உப்பிய, கனத்த குழந்தைகள். பக்கத்தில் உயரமான சூரியகாந்திச் செடி. செண்டாக்கின் கதையில் தங்கைப் பாப்பாவைக் குட்டிப் பூதங்கள் தூக்கிப்போகும்போது, சன்னல் வழியாகச் சூரியகாந்தி பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்து உள்ளே வரும். ருங்கேயை அறியாத நாள்களிலும் அந்தப் பூவைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்திருக்கிறது.

அற்புத உலகத்துக்குப் போகும் 'ஆலிஸ்' கதைக்கு (1865) ஓவியர் ஜான் டெனியல் வரைந்த சீமாட்டியையும் பலர் சொல்வார்கள். பழைய ஃபிளெமிஷ் ஓவியர் மசைஸ் வரைந்த 'அழகற்ற சீமாட்டி'யின் சாயல் அவளுக்கு உண்டு. எனக்கு அது முகத்தைக் கடன் வாங்கிய அளவில் நின்றுவிடுகிறது. நம் பத்திரிகைத் தொடர்கதைப் படங்கள் மட்டும் என்ன? காலில் முள் குத்தியதாக நின்று திரும்பிப் பார்க்கும் ரவிவர்மாவின் சகுந்தலையை எத்தனை கதாநாயகிகளிடம் பார்த்திருக்கிறோம்!

சரி, இப்போது மகளுக்குப் பதினொரு வயது. தேசியக் கலைக்கூடத்தில் சிங்கப்பூர் ஓவியர் சுவா மியா டீ வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' (1959) முன்னால் நெடுநேரம் நின்றாள். மேசையைச் சுற்றி மலாய் படிக்க உட்கார்ந்தவர்கள். கரும்பலகையில் இரண்டு கேள்விகள்: உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். சென்ற மாதம் பாட்டிக்குப் பரிசாக ஒரு பூனைக்கதை வரைந்தாள். அதில் பூனைகள் பள்ளிக்கூடம் போகின்றன. வட்ட மேசை, பின்னால் கரும்பலகை, அதில் அரிசி போல் பொடி எழுத்தில் மலாயில் 'சியாப்பா நாமா காமு?'

பாட்டி இன்னும் கவனிக்கவில்லை. சொல்லிவிடாதீர்கள் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.