பத்துக்குப் பத்து ரூம்ல மூணுல ஒரு பங்கு

கேள்வி: நாசாவோட ஓரியன் கேப்சூல் ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கும் போகும், செவ்வாய்க்கும் போகும்னு முன்னாடி பேசிக்கிட்டாங்க. நாலு பேர் உட்காருற அவ்ளோ சின்ன வண்டி ரெண்டுக்கும் சரிப்பட்டு வருமா சார்?
– வாசகர், தென்காசி

பதில்: ஸ்டேஷனுக்குப் போக சின்ன கேப்சூல்தான் சரி. ரஷ்யாவோட சோயுஸ எடுத்துக்கங்க, 1967ல இருந்து ஆள ஏத்திட்டுப் போகுது, தரைக்குத் திரும்பி வர்ற பகுதியோட அகலம் கிட்டத்தட்ட 2.2 மீட்டர், அதுக்குள்ள மூணு பேர் முட்டிய மடக்கிக்கிட்டு தோளோட தோள் இடிச்சுக்கிட்டு கெடப்பாங்க, தீபாவளிக்கு முதல் நாள் ஷேர் ஆட்டோ பின்சீட்டுதான் எனக்கு ஞாபகம் வரும். ஆனா ஷேர் ஆட்டோல கெடைக்காத ஒரு மரியாதை இதுல உண்டு, ஆள ஈர ஜிப்சம் கலவைல உட்கார வெச்சு முதுகுக்கு அச்சு எடுத்து ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சீட்டு செய்வாங்க. மேல ஆறு மாசம் இருந்தா முதுகெலும்பு நீண்டு உயரம் கொஞ்சம் கூடிடும்ல, அதுக்கும் சேத்து தலைப்பக்கம் இடம் விட்டிருப்பாங்க!

இப்பல்லாம் சில சோயுஸ் கிளம்பி மூணு, மூணேகால் மணி நேரத்துலயே ஸ்டேஷன்ல போய் ஒட்டிக்குது. மூணு மணி நேரத்துக்கு எவனாவது பங்களா கேப்பானா? தவிர, உள்ள கூட ஒரு கிலோ வெச்சா திரும்பும்போது அந்த ஒரு கிலோவையும் சூட்டுல இருந்து காப்பாத்தி பாராசூட்ல இறக்கணும்.

ஓரியன் விஷயத்துல வேற சிக்கல். அது நிலாவுல இருந்து திரும்பறதுக்குன்னு செஞ்ச வண்டி, வினாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்துல காத்துக்குள்ள நுழையும், ஸ்டேஷன்ல இருந்து வர்ற வண்டிக்கு கிட்டத்தட்ட 8தான். வேகம் ஒன்றரை மடங்குகூட கூடல, ஆனா கரைக்க வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுக்கு 5 மீட்டர் அகலத்துக்கு வெப்பக் கவசம். இத ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போறது தக்காளி வாங்க லாரி எடுக்குற கதை. 2010ல ஒபாமா அரசு இத ஸ்டேஷன்ல அவசரத்துக்குத் தப்பிக்கிற படகா நிறுத்தலாம்னு சொல்லிச்சு, அது நடக்கல, நடக்காம இருந்ததே நல்லதுன்னு நான் நெனைக்கிறேன்.

கேள்வி: அப்போ செவ்வாய்?
– அதே வாசகர்

பதில்: தனியா போனா சான்ஸே இல்ல. ஓரியன்ல ஆளுங்க பொழங்குற இடம் ஏறக்குறைய 9 கன மீட்டர், நம்ம வீட்டு பத்துக்குப் பத்து ரூம் பத்தடி உயரம்னு வெச்சா அதுல மூணுல ஒரு பங்கு, அதுல நாலு பேர் 21 நாள் இருக்கலாம்னு கணக்கு. செவ்வாய்க்குப் போகவே ஆறுல இருந்து ஒன்பது மாசம், போனவுடனே திரும்பவும் முடியாது, ரெண்டு கிரகமும் தோதா வர்ற நேரம் 26 மாசத்துக்கு ஒரு தடவதான், மொத்தத்துல மூணு வருஷம் பக்கத்துல வந்துடும். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு பேக்கிங்கோட 1.8 கிலோ சாப்பாடுன்னு வைங்க, நாலு பேர், 900 நாள், ஆறரை டன்! அந்த கேப்சூலே பத்து டன் சொச்சம்தான்.

கேள்வி: சின்ன வண்டியில ரொம்ப நாள் யாராவது இருந்து பாத்திருக்காங்களா?
– வாசகி, காரைக்கால்

பதில்: இருந்திருக்காங்க, பாவம். 1965 டிசம்பர்ல அமெரிக்காவோட ஜெமினி 7 கேப்சூல்ல ஃப்ராங்க் போர்மனும் ஜிம் லவலும் 14 நாள், கார் முன்சீட்டு அளவு இடம், பாத்ரூமுக்கு பைதான். 1970 ஜூன்ல சோயுஸ் 9ல நிகோலயேவும் செவஸ்தியானவும் கிட்டத்தட்ட 18 நாள், திரும்பி வந்தப்போ சரியா நிக்கவோ நடக்கவோ முடியல. எக்சர்சைஸ் பண்ண மெஷின் வைக்க இடம் வேணும்ங்குறது அப்பவே டாக்டர்களுக்கு ஒறச்சிருக்கும்.

கேள்வி: நம்ம ககன்யான்?
– வாசகர், ஓசூர்

பதில்: மூணு பேர், மூணு நாள், 400 கிலோமீட்டர் உயரம். அந்த அளவுக்குத்தான் டிசைன்.

கேள்வி: பெரிய வீடு மாதிரி ஒண்ணு கட்டி, கேப்சூல அதோட ஒட்டிட்டுப் போனா?
– வாசகர், மதுரை

பதில்: அதான் வழி. பூமியில இருந்து ஏறவும் கடைசியில இறங்கவும் மட்டும் கேப்சூல், நடுவுல வீடு. ஆனா அந்த வண்டி மூணு வருஷம் சும்மா தொங்கிட்டு இருந்துட்டு கடைசி நாள் ஒரே அமுக்குல ஸ்டார்ட் ஆகணுமே! சோயுஸுக்கு சுமார் 200 நாள்தான் கெடு, இறங்கும்போது திசை திருப்புற ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போகும். 2022 டிசம்பர்ல ஸ்டேஷன்ல நின்ன சோயுஸ் ஒண்ணுல கூலன்ட், அதாவது வண்டி சூடாகாம பாத்துக்குற திரவம், பூரா ஒழுகிடுச்சு. அதுல வந்த ஃப்ராங்க் ரூபியோவோட அச்சு சீட்ட கழட்டி, அவசரம்னா ஏறிக்கலாம்னு பக்கத்துல நின்ன ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ட்ராகன் கேப்சூலுக்கு மாத்துனாங்க, அப்புறம் 2023 பிப்ரவரியில காலி சோயுஸ் ஒண்ணு கீழ இருந்து போச்சு, ஆறு மாசத்துக்குன்னு போன மூணு பேரும் 371 நாள் கழிச்சுதான் வீடு வந்தாங்க. அங்க 400 கிலோமீட்டர் தூரம், அதனால மாத்து வண்டி வந்துச்சு. செவ்வாய்ல ஒழுகினா 26 மாசத்துக்கு ஒரு தடவ தொறக்குற அந்தக் கதவுக்காக உட்கார்ந்திருக்கணும்.