இந்த வாரம் என்ன பார்த்தீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

'அடாலசென்ஸ்' தொடரை எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனோடு சேர்ந்து பார்க்கலாமா? – ஒரு தாய், ஈரோடு

பார்க்கலாம். ஆனால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

2025 மார்ச்சில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த பிரிட்டன் தொடர் அது. நாலே பாகம். காலையில் போலீஸ் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்து 13 வயதுப் பையனைக் கைது செய்கிறது. கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பயத்தில் அவன் கால்சட்டை நனைந்துவிடுகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு பாகமும் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. வெட்டே கிடையாது. வித்தை காட்டச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. வெட்டு இருந்தால் நாம் கொஞ்சம் மூச்சு விட்டிருப்போம். இங்கே அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகும் நேரம் முழுக்க நாமும் கூடவே போக வேண்டியிருக்கிறது.

மூன்றாம் பாகம் பெரும்பாலும் ஒரே அறைக்குள் நடக்கிறது. ஒரு மனநல நிபுணர், எதிரே பையன், ஒரு கோப்பை ஹாட் சாக்லேட், பாதி சாண்ட்விச், அவ்வளவுதான். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவன் சட்டென்று எழுந்து கத்தும்போது என் கை சோபாவை இறுகப் பிடித்திருந்தது. அந்தப் பையனாக வரும் ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு. படப்பிடிப்பிலும் இந்தப் பாகத்தைத்தான் முதலில் எடுத்தார்களாம். 15 வயதில், டிவி தொடர்களுக்கான எம்மி விருது வாங்கினான். தகும்.

உங்களுக்கு முக்கியமானது இரண்டாம் பாகம். இன்ஸ்டாகிராமில் கொல்லப்பட்ட அந்தப் பெண் போட்டிருந்த எமோஜிகளுக்கு என்ன அர்த்தம் என்று விசாரிக்க வந்த அதிகாரிக்குப் புரிவதில்லை. அதே பள்ளியில் படிக்கும் அவருடைய மகன் தனியே கூப்பிட்டு விளக்குகிறான். அது கிண்டல், அவமானப்படுத்தும் கிண்டல். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகனோடு இரண்டாம் முறை பார்த்தபோது அங்கே நிறுத்தி, "இதெல்லாம் உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டேன். "தெரியும்மா, எல்லாருக்கும் தெரியும்" என்றான். அன்றைக்கு ராத்திரி பதினொன்றரை வரை பேசினோம். அவன் வகுப்பில் ஒரு பையனுக்கு வைத்த பட்டப்பெயர், அந்தப் பையன் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறியது, அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்குத் தனியாக உட்காருவது எல்லாம் வந்தது. பட்டப்பெயர் வைத்தவர்களில் தானும் ஒருவன் என்று கடைசியில் சொன்னான்.

ஒரு நாளைக்கு ஒரு பாகம் போதும். முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள். அவனாகப் பேசுவான்.

இந்தி 'பஞ்சாயத்', தமிழ் 'தலைவெட்டியான் பாளையம்' – எது உங்களுக்குப் பிடித்தது? – வாசகர், விருதுநகர்

இந்திதான். அந்தத் தொடரைத் தமிழில் மறுபடி எடுத்ததுதான் 'தலைவெட்டியான் பாளையம்'. இயக்கியவர் நாகா. அவருடைய பழைய டிவி தொடர் 'விடாது கருப்பு' பார்த்து வளர்ந்தவள் நான். அதில் வந்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதிலும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றதும் ஆசையாக உட்கார்ந்தேன். இருவரும் நன்றாகவே செய்திருக்கிறார்கள். மனைவி ஊராட்சித் தலைவர், நாற்காலியில் கணவர் என்பது நம் ஊருக்கும் பொருந்தும் கதைதான். ஆனால் சம்பவங்கள் பெரும்பாலும் அங்கிருந்து அப்படியே வந்தவை. நம் ஊராட்சி அலுவலகத்தில் நூறு நாள் வேலைக்கு அட்டை வாங்க நிற்கும் கூட்டமும், தண்ணீர் திறந்துவிடுகிறவரோடு நடக்கும் சண்டையும், கிராம சபைக் கூட்டமும் எட்டுப் பாகத்துக்குப் போதாதா? அந்தக் கதையை நாகா எடுத்தால் முதல் நாளே பார்ப்பேன்.

வயதான அப்பாவோடு கூச்சமில்லாமல் பார்க்க ஒரு ஸ்டாண்டப் காமெடி சொல்லுங்கள். – வாசகி, கும்பகோணம்

அலெக்ஸாண்டர் பாபுவின் 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்'. 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. பழசுதான், ஆனால் எங்கள் வீட்டில் போன மாதம்தான் பார்த்தோம். சினிமாப் பாட்டைப் பாடிக்கொண்டே கதை சொல்கிறார். என் அம்மாவுக்கு 76 வயது. ஸ்டாண்டப் என்றால் என்னவென்றே தெரியாது. "கச்சேரியா, நாடகமா?" என்று கேட்டவர், கொஞ்ச நேரத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். உங்கள் அப்பா பழைய பாட்டுப் பிரியர் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

மலையாளப் படங்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பீர்களா? – வாசகர், திண்டுக்கல்

மாட்டேன். குரல் மாறினால் நடிப்பில் பாதி போய்விடுகிறது. அண்மையில் 'உள்ளொழுக்கு' பார்த்தேன். குட்டநாட்டு வெள்ளம், வீட்டுக்குள் தண்ணீர். இறந்துபோன மகனை அடக்கம் செய்ய முடியாமல், தண்ணீர் வடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். மாமியார் ஊர்வசி, மருமகள் பார்வதி. இருவருமே ஒருவருக்கொருவர் மறைத்த விஷயங்கள் அந்தத் தண்ணீருக்கு நடுவில் வெளியே வருகின்றன. ஊர்வசிக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. அவர் குரல் உடையும் இடங்களை வேறொருவர் பேசினால் எப்படி இருக்கும்?

அம்மாவும் கூட இருந்தார். சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடியதால் நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். "நீ சும்மா இரு, எனக்கே புரியுது" என்றார்.