மாடா குலுக்கலில் கிடைத்த வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா?

மும்பையில் மாடா குலுக்கலில் உங்கள் அப்பாவின் பெயருக்கு விழுந்த வீட்டை விற்பதற்கான ஐந்தாண்டுத் தடை முடியப்போகிறது. அதை விற்று ஊரில் வீடு கட்டலாம் என்கிறார் அப்பா, விற்ற பணத்தைப் பங்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார் தம்பி, எனக்கோ எதுவும் புலப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே நிலையில் எங்கள் குடும்பமும் ஓர் ஆண்டு முழுவதும் தவித்தது. நாங்கள் விற்கவில்லை. அதற்கான காரணங்களையும், எந்தச் சூழ்நிலையில் நானே விற்கச் சொல்லியிருப்பேன் என்பதையும் எழுதுகிறேன்.

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி ஆணையத்தைத்தான் இங்கே எல்லோரும் மாடா என்கிறோம். அதன் குலுக்கலில் வெல்பவருக்கு வீடு இலவசமாகக் கிடைப்பதில்லை. வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலையில் வீட்டை வாங்கும் உரிமைதான் கிடைக்கிறது. பணத்தைத் திரட்டுவது வென்றவரின் பொறுப்பு. 2023இல் 4,082 வீடுகளுக்கு நடந்த குலுக்கலில், தாடதேவில் ஏழரைக் கோடி ரூபாய் விலையுள்ள வீடு விழுந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரே, அவ்வளவு பணத்துக்கு வழியில்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே குலுக்கலில் வந்த வீடுதானே, போனால் போகட்டும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவருக்கு இந்த ஏற்பாடு தெரியவில்லை என்று பொருள்.

எங்கள் அப்பா தாராவியில் ஒரு தோல் பட்டறையில் கணக்கெழுதியவர். பதினோரு ஆண்டுகள் விடாமல் விண்ணப்பித்து, ஒவ்வொரு முறையும் முன்பணம் திரும்பி வந்த பிறகு, 2018 டிசம்பரில் 1,384 வீடுகளுக்கு நடந்த குலுக்கலில் குறைந்த வருமானப் பிரிவில் அவர் பெயர் வந்தது. வீடு வடாலா பக்கம். விலை 31 லட்சம் ரூபாய். அப்பாவின் சேமிப்பு ஏழு லட்சம், அம்மாவின் நகையை வைத்து நான்கு லட்சம், மீதி இருபது லட்சத்துக்கு அப்பாவும் நானும் சேர்ந்து வங்கிக் கடன். மாதத் தவணை இருபதாயிரத்துச் சொச்சம். சால் எனப்படும் பொதுக் கழிவறை கொண்ட வரிசைக் குடியிருப்பில் ஒற்றை அறையில் ஐந்து பேராக இருந்த எங்களுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு படிக்க ஓர் அறை முதன்முதலாக அந்த வீட்டில்தான் வாய்த்தது.

தடைக்காலத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தவறு செய்யும் இடம் இதுதான். ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் வீட்டை விற்கக் கூடாது. விற்றது தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம். அப்படியிருந்தும் மூன்றாம் ஆண்டிலேயே தரகர்கள் வந்துவிடுவார்கள். இப்போது ஓர் ஒப்பந்தமும் பவர் ஆஃப் அட்டர்னி எனும் பொது அதிகாரப் பத்திரமும் எழுதிக்கொள்ளலாம், தடை முடிந்ததும் பத்திரம் பதியலாம், முக்கால் பங்குப் பணம் இன்றே கையில் என்பார்கள். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனையால் சொத்தின் உரிமை மாறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் அப்படி எழுதிக்கொடுத்தது. இரண்டு ஆண்டுகளில் விலை ஏறியபோது பழைய விலைக்குப் பதிந்து கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. வாங்கியவர் தன் பணத்தையும் வீட்டையும் இரண்டையும் கேட்டார். இன்று வீடு பூட்டிக் கிடக்கிறது, இரு தரப்பும் வழக்கறிஞருக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஒதுக்கீட்டுக் கடிதத்தை எடுத்து, ஐந்தாண்டு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது என்று பாருங்கள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட யாரிடமிருந்தும் முன்பணம் வாங்காதீர்கள்.

இனிக் கணக்கு. எங்களுக்குத் தடை முடிந்தபோது தரகர் சொன்ன விலை 75 லட்சம். கேட்டவுடன் வீட்டில் அனைவருக்கும் தலை சுற்றியது உண்மை. ஆனால் அந்த 75இல் எங்களுடையது எவ்வளவு என்று தாளில் எழுதிப் பார்த்தபோது நிலவரம் மாறியது. வாங்கிய விலை போக லாபம் 44 லட்சம். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்ததால் அது நீண்டகால மூலதன ஆதாயம், 12.5 விழுக்காட்டில் வரி ஐந்தரை லட்சம், அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி வேறு. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்பதால், பணவீக்கத்தைக் கழித்து 20 விழுக்காடு கட்டும் பழைய முறையையும் தேர்ந்தெடுத்திருக்கலாம். எங்கள் கணக்கில் 12.5தான் குறைவாக வந்தது, உங்களுக்கு எது குறைவு என்பதைப் பட்டயக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தரகுக்கு முக்கால் லட்சம், மீதிக் கடனுக்குப் பதினைந்து லட்சம் என்று கழித்தால், கையில் நிற்பது 54 லட்சம்கூட இல்லை.

அந்தப் பணத்துக்கு இதே வட்டாரத்தில் இதே அளவு வீடு கிடைக்காது. கிடைத்தாலும், மும்பையில் முத்திரைத் தீர்வை மட்டும் ஆறு விழுக்காடு. பெண்ணின் பெயரில் வாங்கினால் ஒரு விழுக்காடு குறையும். கட்டுப்படியாகும் இடம் என்று தேடினால் அம்பர்நாத், பத்லாப்பூர் என்று ரயில் நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. பத்லாப்பூரிலிருந்து தென்மும்பை ரயில் முனையமான சிஎஸ்எம்டி 68 கிலோமீட்டர். காலை எட்டு மணிக் கூட்டத்தில் அந்த லோக்கலில் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்குத் தெரியும், அந்த வீட்டின் உண்மையான விலை என்ன என்று. விற்றுவிட்டுப் போன என் நண்பன் ஒருவன், பிள்ளைகள் விழித்திருக்கும்போது அவர்களைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டுமே என்று சொன்னது என் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை.

பங்கு பிரிக்கும் யோசனை எங்கள் வீட்டிலும் வந்தது. நான், தம்பி, தங்கை என்று மூன்று பேர். தங்கைக்குத் திருமணமாகிவிட்டது என்பதால் அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உறவினர் ஒருவர் சொன்னார். அது அநியாயம் என்று நான் அவரிடமே சொன்னேன். அப்பா அம்மா உயிரோடிருக்கும்போது யாருக்கும் பங்கே இல்லை என்பதுதான் முறை, இது அவர்கள் சொத்து. அவர்களாகவே மனமுவந்து பிரித்தாலும், ஆளுக்குப் பதினேழு லட்சத்துச் சொச்சம் வரும். அந்தத் தொகையைக் கொண்டு மூவரில் ஒருவராலும் மும்பையில் ஒரு வீட்டு வாசலைக்கூட மிதிக்க முடியாது. பிரிக்காமல் இருக்கும்வரை அது நகரத்தின் நடுவில் ஒரு வீடு. யாருக்கு வேலை போனாலும், யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், வந்து தங்க ஓர் இடம். இதைத் தம்பியிடம் கோபப்படாமல் சொல்ல எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. அவனுக்கு உண்மையில் தேவைப்பட்டது தொழிலுக்கு ஆறு லட்சம் ரூபாய் முதலீடு. அதை வேறு வழியில் புரட்டிக் கொடுத்தோம். உங்கள் தம்பிக்கு என்ன தேவை, எவ்வளவு தேவை என்று அவரிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மாடா குலுக்கலில் ஒரு முறை வீடு பெற்ற குடும்பம், அதை விற்றுவிட்டு மறுபடி வரிசையில் நிற்பதற்கு அநேகமாக வழியில்லை. பதினோரு ஆண்டுகள் விண்ணப்பித்த அப்பாவின் மகனாக, என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்.

அப்பாவின் ஊர் ஆசையை நான் சிறியதாக நினைக்கவில்லை. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோருக்குத் திருநெல்வேலிச் சீமைதான் பூர்வீகம். நாற்பது ஆண்டுகள் இங்கே உழைத்தாலும், கொடைக்கு ஊருக்குப் போகும்போதுதான் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். ஆனால் ஊரில் கட்டப்போகும் வீட்டில் யார் இருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். எங்கள் ஊரில் மும்பைப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் பல, ஆண்டுக்குப் பத்து நாள் திறந்து பெருக்கப்படுகின்றன. எங்கள் அப்பா, தாத்தா விட்டுச்சென்ற ஓட்டு வீட்டை மூன்றரை லட்சத்தில் பழுதுபார்த்துக்கொண்டார். கார்த்திகைக்குப் போனால் பங்குனி உத்திரம் முடித்துத் திரும்புகிறார். அவருக்கு வேண்டியிருந்தது ஊரில் காலையில் நடக்க ஒரு வாய்க்கால் கரையும், பேச நான்கு ஆட்களும். அதற்கு 75 லட்சம் தேவைப்படவில்லை.

வைத்துக்கொள்வதற்கும் செலவுண்டு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், காவலாளி, பராமரிப்பு நிதி என்று எங்களுக்கு மாதம் மூவாயிரம் போகிறது. மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்குச் சொத்து வரி இல்லை என்று 2022 தொடக்கத்தில் அரசு முடிவெடுத்ததால் அந்தச் சுமை மட்டும் இல்லை.

விற்பதே சரி என்று நான் சொல்லக்கூடிய நிலைகளும் இருக்கின்றன. வீட்டில் சம்பாதிப்பவர்கள் அனைவரும் மும்பையை விட்டுப் போய்விட்டார்கள், திரும்பும் எண்ணமும் இல்லை என்றால் விற்கலாம். கடன் தவணை வருமானத்தில் பாதியை விழுங்கி, அதற்காகக் கைமாற்றும் கந்துவட்டியும் தொடங்கிவிட்டது என்றால், தாமதிக்காமல் விற்றுவிடுங்கள். வட்டிக்காரனிடம் வீட்டை இழப்பதைவிட நீங்களாக நல்ல விலைக்கு விற்பது மேல். அப்படி விற்றால், முறைப்படி மாடா வாரியத்தின் தடையில்லாச் சான்றும், கட்டடத்தின் குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் ஒப்புதலும் வாங்கி, முழுத் தொகையையும் வங்கி வழியாகவே பெறுங்கள். பாதி ரொக்கமாகத் தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்: சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒரு விழுக்காடு பிடித்தம் செய்து உங்கள் பெயரில் கட்ட வேண்டும். ஆதாயத் தொகையில் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கினாலோ, மூன்று ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தாலோ வரி விலக்குக் கிடைக்கும். வெறும் மனை வாங்கிப் போட்டுவிட்டுக் கட்டாமல் இருந்தால் கிடைக்காது. அப்பா ஊரில் கட்டத்தான் போகிறார் என்றால் இந்த மூன்றாண்டுக் கெடு மிகவும் முக்கியம்.

கடைசியாக, உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா சொல்வது இருக்கிறது, தம்பி சொல்வது இருக்கிறது, உங்கள் குழப்பமும் இருக்கிறது. அம்மா என்ன சொல்கிறார் என்பது எங்கும் இல்லை. எங்கள் வீட்டிலும் அம்மாவைக் கடைசியில்தான் கேட்டோம். இருபத்தாறு ஆண்டுகள் சாலில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தண்ணீருக்கும் பொதுக் கழிவறைக்கும் வரிசையில் நின்றவர் அவர். முட்டி வலிக்கு மாதம் ஒரு முறை சயான் மருத்துவமனைக்கு அவரால் தனியாகவே பேருந்தில் போய் வர முடிகிறது. விற்பதைப் பற்றிக் கேட்டபோது, "எனக்கு இங்கே குழாயைத் திறந்தால் தண்ணி வருது, கதவைச் சாத்தினால் என் வீடு. நான் எங்கேயும் வரலை" என்றார். அதன்பிறகு அப்பா விலை பேசுவதை நிறுத்திவிட்டார். தரகரிடம் பேசுவதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.